யாருக்கு வழுக்கை விழும்?

ஒரு வகுப்பறையை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பத்தாம் வகுப்பு. இருபது பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தலை நிறைய முடி. சிலருக்குச் சீப்பின் பல் உடைந்துபோகும் அளவுக்கு அடர்த்தி! இதே இருபது பேரும் தங்கள் ஐம்பதாவது வயதில் மீண்டும் ஒன்று கூடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். சிலருக்கு அப்போதும் முடி அடர்ந்திருக்கும். சிலருடைய உச்சந்தலையோ விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும்.

யார் யார் தலை பளபளக்கும் என்பதை இன்றைக்கே, பையன்களைப் பார்த்த மாத்திரத்தில், சொல்லிவிட முடியுமா?

"முடியும்" என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய உண்டு. நெற்றி அகலமாக இருந்தால் வழுக்கை விழும் என்பார் ஒருவர். மார்பில் ரோமம் அடர்ந்திருந்தால் தலையில் நிற்காது என்பார் இன்னொருவர். "உன் அம்மாவின் அப்பா தலையைப் பார், அதுதான் நாளைக்கு உன் தலை" என்பார் மூன்றாமவர். தொப்பி போட்டால் விழும், தலைத்தோல் இறுகினால் விழும், குள்ளமாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் விழும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. சீப்பில் நாலு முடி வந்துவிட்டால் இரவெல்லாம் கவலைப்படும் பையன்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையை நம்பியே பல தைலங்களும் விற்பனையாகின்றன. ஆகவே, இந்த அடையாளங்களில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று பார்ப்போம்.

உதிர்வது வேறு, வழுக்கை வேறு

நம் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்கால் என்னும் சிறு குழியிலிருந்து வளர்கிறது. மயிர்க்கால் ஓயாமல் வேலை செய்வதில்லை. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை முடியை வளர்க்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வேலையை முடித்துக்கொண்டு, சுமார் மூன்று மாதம் ஓய்வு எடுக்கும். ஓய்வு முடியும்போது பழைய முடி உதிர்ந்து, அதே இடத்தில் புதிய முடி முளைக்கும். அறுவடையான வயலில் மறுநடவு செய்வது போலத்தான் இது.

ஆகவே நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. சீப்பில் முடி வருவதாலேயே வழுக்கை வருகிறது என்று எண்ண வேண்டியதில்லை. டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல் வந்தால், ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஆனால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். காசு அளவில் வட்டமாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அதற்குக் காரணம் புழு அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது. இவ்விரண்டும் நாம் இங்கே பேசும் வழுக்கை அல்ல.

ஆண்களுக்கு வரும் வழக்கமான வழுக்கையில் நடப்பதே வேறு. முறைக்கு முறை மயிர்க்காலின் வளரும் காலம் குறைகிறது. மயிர்க்காலும் சுருங்குகிறது. அதிலிருந்து வரும் முடி மெலிந்து, குட்டையாகி, நிறம் வெளிறி, கடைசியில் பூனைமுடி போல ஆகிவிடுகிறது. வழுக்கைத் தலையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் இந்தப் பூனைமுடிகளைக் காணலாம். இந்தச் சுருக்கம் நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் தொடங்கும். பின்தலையிலும் காதுகளுக்கு மேலும் குதிரை லாடம் போல ஒரு பட்டை முடி மட்டும் தப்பித்துக்கொள்ளும். இந்த லாடத்தை நினைவில் வைத்திருங்கள்.

ஹாமில்டன் கண்டது

பருவம் அடையும் முன்பே விந்தகங்கள் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீஸ் காலத்திலேயே, அதாவது 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, கவனித்திருக்கிறார்கள். ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் இதை ஆராய்ந்து 1942-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பருவ வளர்ச்சி ஏற்படாதவர்களும் விந்தகங்கள் நீக்கப்பட்டவர்களுமாக 104 ஆண்களை அவர் கவனித்தார். சிறு வயதிலேயே ஆண் ஹார்மோன் இல்லாமற் போனவர்களுக்கு, வழுக்கை மலிந்த குடும்பத்தில் பிறந்திருந்தாலும், வழுக்கை விழவில்லை. இவர்களில் சிலருக்குச் சிகிச்சையாக டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோன் தரப்பட்டது. குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி பின்வாங்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட குடும்ப வரலாறு இல்லாதவர்களுக்கோ ஹார்மோன் கொடுத்தும் வழுக்கை விழவில்லை. ஹார்மோனை நிறுத்தியதும் வழுக்கை பரவுவது நின்றது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? வழுக்கைக்குப் பாரம்பரியம் வேண்டும், ஆண் ஹார்மோன் வேண்டும், காலமும் வேண்டும். பாரம்பரியம் விதை, ஹார்மோன் தண்ணீர். விதை இல்லாத நிலத்தில் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் முளைக்குமா? தண்ணீர் இல்லாவிட்டால் விதைதான் முளைக்குமா?

ஒரே ஹார்மோன், இரண்டு வேலை

"அப்படியானால் வழுக்கைக்காரருக்கு ஆண் ஹார்மோன் அதிகமோ?" என்று கேட்கத் தோன்றும். பொதுவாக அப்படி இல்லை. வழுக்கை விழுந்தவருக்கும் விழாதவருக்கும் இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அளவு பெரும்பாலும் ஒரே வரம்பில்தான் இருக்கிறது. மயிர்க்கால் அந்த ஹார்மோனுக்கு எப்படி இணங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

இதைத் தெளிவாகக் காட்டியவர் நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக். அவருடைய ஆய்வு 1959-இல் வெளிவந்தது. பின்தலையில், லாடப் பகுதியில் இருந்த மயிர்க்கால்களை எடுத்து வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டார். அவை அங்கேயும் செழித்து வளர்ந்தன! நட்ட இடம் எதுவானாலும், எடுத்த இடத்தின் குணமே நிலைத்தது. தலைத்தோல் இறுகியதாலோ, இரத்த ஓட்டம் போதாததாலோ, தொப்பியாலோ வழுக்கை வருகிறது என்றால், நட்ட முடியும் அங்கே பட்டுப் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. ஆக, தொப்பியையும் தோல் இறுக்கத்தையும் நம் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அடுத்த தடயம் டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற சிற்றூரில் கிடைத்தது. டெஸ்டோஸ்டீரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோன் என்னும் வேறொரு பொருளாக மாற்றும் என்சைம் ஒன்று நம் உடலில் இருக்கிறது. அவ்வூரில் சில குடும்பங்களில் இந்த என்சைம் பிறவியிலேயே குறைவு. அவர்களைப் பற்றி ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 1974-இல் எழுதினார்கள். அந்த ஆண்களுக்குத் தாடி மிகக் குறைவு. முன்தலை முடியும் பின்வாங்குவதில்லை. ஆகவே தாடியை வளர்ப்பதும் தலைமுடியைச் சுருக்குவதும் அந்த மாறிய ஹார்மோன்தான் என்பது புலனாயிற்று. ஒரே ஹார்மோன் கன்னத்தில் முடியை வளர்க்கிறது, உச்சியில் சுருக்குகிறது, பின்தலையில் ஒன்றும் செய்வதில்லை!

அடையாளத்தைச் சோதிப்பது எப்படி?

இனி அடர்ந்த தாடியையும் மார்பு ரோமத்தையும் எடுத்துக்கொள்வோம். "இரண்டுக்கும் காரணம் ஒரே ஹார்மோன் என்றால், தாடி அடர்ந்தவனுக்கு வழுக்கை விழும் என்பது சரிதானே?" என்று நீங்கள் மடக்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். ஹார்மோன் ஏறக்குறைய எல்லா ஆண்களிடமும் இருக்கிறது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்று, ஒருவரை மற்றவரிடமிருந்து எப்படிப் பிரித்துக் காட்டும்? கன்னத்து மயிர்க்காலும் தலை மயிர்க்காலும் தனித்தனியே முடிவு செய்கின்றன. தாடியே இல்லாதவருக்கு வழுக்கை இல்லை என்பதைக் கொண்டு, தாடி அடர்ந்தவருக்கெல்லாம் வழுக்கை என்று முடிவுகட்ட இயலாது.

எந்த அடையாளத்தையும் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஐம்பது வயது தாண்டிய 40 ஆண்கள் இருக்கிறார்கள்.

அடர்ந்த தாடி உள்ளவர்கள் 30 பேர்: வழுக்கை உள்ளவர் 15, இல்லாதவர் 15.
அடர்ந்த தாடி இல்லாதவர்கள் 10 பேர்: வழுக்கை உள்ளவர் 5, இல்லாதவர் 5.

முதல் வரியை மட்டும் பார்ப்பவர், "பார்த்தீர்களா! தாடிக்காரர்களில் 15 பேருக்கு வழுக்கை! மொத்த வழுக்கையர் 20 பேரில் 15 பேர் தாடிக்காரர்கள்!" என்று கூவுவார். ஆனால் இரண்டு வரிகளையும் ஒப்பிடுங்கள். முதல் வரியிலும் பாதிப் பேருக்கு வழுக்கை. இரண்டாம் வரியிலும் பாதிப் பேருக்கு வழுக்கை. தாடி எதையுமே சொல்லவில்லை. தாடிக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம், அவ்வளவுதான். அடையாளம் உள்ளவர்களை மட்டும் எண்ணினால் போதாது. இல்லாதவர்களையும் எண்ண வேண்டும். ஊர்ப் பேச்சுகள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

நெற்றியின் கதை வேறு. பிறவியிலேயே அகன்ற நெற்றி என்பது எலும்பின் அமைப்பும் முடி தொடங்கும் இடமும் சேர்ந்தது. அது வழுக்கையின் தொடக்கம் அல்ல. பதினேழு, பதினெட்டு வயதுக்குமேல் பெரும்பாலான ஆண்களுக்கு நெற்றியோரத்தில் முடி சிறிது பின்வாங்கிப் பெரியவர்களுக்குரிய வடிவம் பெறுகிறது. இது வளர்ச்சியின் ஒரு படி. கண்ணாடியில் இதைக் கண்டு கலங்க வேண்டாம். நெற்றியின் அகலம் முக்கியமல்ல. ஆண்டுக்கு ஆண்டு அது மாறிக்கொண்டே போகிறதா என்பதே முக்கியம்.

குள்ளமும் வழுக்கையும்

குள்ளமானவர்களைப் பற்றிய பேச்சில் ஏதேனும் உண்மை உண்டா? வியப்பான செய்தி: கொஞ்சம் உண்டு!

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2017-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சீக்கிரமே வழுக்கை விழுந்த ஏறத்தாழ 11,000 ஆண்களின் ஜீன்களையும், அப்படி விழாத ஏறத்தாழ 12,000 ஆண்களின் ஜீன்களையும் ஒப்பிட்டார்கள். வழுக்கையோடு தொடர்புள்ள 63 இடங்கள் தென்பட்டன. அவற்றில் சில, குறைந்த உயரத்தோடும் சீக்கிரம் பருவம் அடைவதோடும் தொடர்புடையவை என்றும் தெரிய வந்தது.

இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் பருவம் அடைபவரின் உடலில் ஹார்மோன் தன் வேலையைச் சீக்கிரம் தொடங்கும். பருவத்தின்போது எலும்பின் வளரும் முனைகள் மூடிக்கொள்வதால், சீக்கிரம் பருவம் அடைபவர்கள் சராசரியாகச் சற்றுக் குட்டையாக இருப்பதும் உண்டு. ஆக, ஓர் அடையாளம் வழுக்கையைக் காட்ட வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும்.

ஆனால் இந்தத் தொடர்பு மிகச் சிறிது. 23,000 பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. உயரமான ஆண்களுக்கும் வழுக்கை விழுகிறது. குட்டையான ஆண்கள் பலருக்குக் கடைசி வரை முடி நிற்கிறது. உங்கள் நண்பனின் உயரத்தை அளந்து அவன் தலைவிதியைச் சொல்ல இது உதவாது.

தாய்வழிப் பாட்டனா?

அடுத்து வருவது மிகவும் பரவலான நம்பிக்கை. இதிலும் பாதி உண்மை இருக்கிறது, பாதிதான் இருக்கிறது!

ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று நம் செல்களில் உண்டு. அதை அமைக்கும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இந்த ஜீனுக்கும் வழுக்கைக்கும் உள்ள தொடர்பை 2001-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு பையனுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தை தருவது ஒய். ஆகவே தாய்வழி முக்கியந்தான்.

ஆனால் தாயிடம் இரண்டு எக்ஸ்கள் உள்ளன. ஒன்று அவருடைய தந்தை தந்தது. மற்றொன்று அவருடைய தாய் தந்தது. உங்களுக்கு வந்த அந்த ஜீன் பாட்டனுடையதாக இருக்க வாய்ப்பு பாதி. பாட்டியுடையதாக இருக்க வாய்ப்பு பாதி. பாட்டிக்கு ஆண் ஹார்மோன் குறைவாதலால் அவரிடம் அந்த ஜீன் மறைந்தே இருந்திருக்கும். பாட்டன் தலையைப் பார்க்கிறவர்கள் பாட்டியை மறந்துவிடுகிறார்கள்!

இன்னொன்றும் உண்டு. 1916-இல் டாரதி ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கர் வழுக்கைக்கு ஒரே ஒரு ஜீன்தான் காரணம் என்று கருதினார். நெடுங்காலம் இக்கருத்து நிலவியது. இன்று அது பொருந்தாது. பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் என்ற பெருந்திட்டத்தில் சேர்ந்த 52,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் 40 மட்டுமே எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. மீதி 247 மற்றக் குரோமோசோம்களில். மற்றக் குரோமோசோம்களைத் தாயும் தந்தையும் சரிபாதியாகத் தருகிறார்கள். ஆகவே தந்தையின் தலையையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஜீனே சொல்லட்டும்!

"வெளி அடையாளங்கள் போகட்டும். ஜீனையே படித்துவிட்டால் உறுதியாகச் சொல்லலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதையும் சோதித்தார்கள். 40,000 ஆண்களின் விவரங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஜீன் மதிப்பெண் போடும் முறையை வகுத்தார்கள். பிறகு அந்தக் கணக்கில் சேராத வேறு 12,000 பேரிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரூடம் பலிக்கிறதா என்று பார்க்க இதுவே நேர்மையான வழி. விடை தெரிந்த கணக்கை மறுபடி போட்டுக் காட்டுவது சோதனை ஆகாது.

முடிவு என்ன? மிக அதிக மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினரில் 58 சதவிகிதம் பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான முடியிழப்பு இருந்தது. அதாவது, அபாயம் மிகுந்தவர்கள் எனக் கருதப்பட்டவர்களிலும் 100-க்கு 42 பேருக்கு அந்த அளவு இல்லை. மதிப்பெண் குறைந்த பாதிப்பேரில் 39 சதவிகிதத்தினருக்கு முடியிழப்பே இல்லை. ஆனால் 14 சதவிகிதத்தினருக்குக் கடுமையான வழுக்கை! இத்தனைக்கும் அவர்கள் 40 வயதைத் தாண்டியவர்கள்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்வது எளிது. ஒருவரைப் பற்றிச் சொல்வது கடினம். ஜீன்களையே படித்தும் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது என்றால், நெற்றியையும் தாடியையும் பார்த்துச் சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? மேலும், இந்த ஆய்வுகள் ஐரோப்பிய வழிவந்த ஆண்களிடம் செய்யப்பட்டவை. இந்த எண்களை அப்படியே மற்ற நாட்டினருக்குப் பொருத்துவதும் சரியல்ல. கிழக்காசிய நாட்டினரிடம் வழுக்கை ஐரோப்பியரைவிடக் குறைவு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எதைப் பார்க்கலாம்?

அப்படியானால் பார்க்கத்தக்கது எதுவுமே இல்லையா? இருக்கிறது. முதலாவது, வயது. வயது ஏற ஏற வழுக்கை பெருகும். ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐம்பது வயதுக்குள் ஓரளவேனும் தெரிகிறது. இரண்டாவது, குடும்பம், தாய்வழி, தந்தைவழி இரண்டும். மூன்றாவது, முடியேதான். உச்சியிலோ நெற்றியோரத்திலோ தடித்த முடிகளிடையே மெலிந்த, குட்டையான முடிகள் கலந்து பெருகி வந்தால் மயிர்க்கால்கள் சுருங்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். தோல் மருத்துவர் லென்சு வைத்துப் பார்ப்பது இதைத்தான். இது வருமுன் உரைப்பது அல்ல. வந்துகொண்டிருப்பதை முதலிலேயே கண்டுகொள்வது.

இதற்கு மருந்து உண்டா? தலையில் தடவும் மினாக்சிடிலுக்கு 1988-இலும், உட்கொள்ளும் ஃபினாஸ்டரைடுக்கு 1997-இலும் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. பின்னது சலினாஸ் குடும்பங்களில் குறைந்திருந்த அதே என்சைமைத்தான் தடுக்கிறது. இவை சுருக்கத்தைத் தாமதப்படுத்தும். சிலருக்கு ஓரளவு முடியும் வளரும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். பக்க விளைவுகளும் உண்டு. ஆகவே இவை பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டு எடுக்க வேண்டியவை. பள்ளிப் பையன்கள் கடையில் வாங்கி முயல வேண்டியவை அல்ல. வட்டம் வட்டமாக முடி போனாலோ, தலைத்தோலில் செதிலும் புண்ணும் இருந்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி நம் வகுப்பறைக்குத் திரும்புவோம். இருபது பையன்கள். ஐம்பது வயதில் இவர்களில் சிலருக்கு வழுக்கை இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். யார் யார் என்று பெயர் சொல்லி விரல் நீட்ட இன்றைய விஞ்ஞானத்தாலும் இயலாது. அடுத்த பெஞ்சுக்காரனின் நெற்றியைக் காட்டி யாராவது கேலி செய்தால், "இல்லாதவர்களையும் எண்ணினாயா?" என்று கேளுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் உறவினரிலும் அக்கம்பக்கத்திலும் ஐம்பது வயது தாண்டிய 20 ஆண்களின் விவரத்தை, அவர்கள் அனுமதி பெற்று, மரியாதையுடன் சேகரியுங்கள். ஒவ்வொருவருக்கும் வழுக்கை உண்டா, அவருடைய தந்தைக்கு உண்டா, தாயின் தந்தைக்கு உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் கண்டதுபோல இரண்டு வரி அட்டவணைகள் இரண்டு போடுங்கள்: ஒன்று தந்தைக்கு, மற்றது தாயின் தந்தைக்கு. இரண்டில் எது அதிகம் பிரித்துக் காட்டுகிறது? பிறகு உங்கள் நண்பரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இருவர் விடையும் ஒன்றாக இல்லாவிட்டால், 20 பேர் போதுமா என்று சிந்தியுங்கள்.